பசை காயும் நேரத்தில் சொன்ன கதை

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். சுகம் என்று எழுதச் சொன்னது உன் அம்மா, என் இடுப்பைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றாலும் இந்தக் காகிதம் வந்து சேர்வதற்குள் சரியாகிவிட வேண்டும், இது அப்பாவின் உத்தரவு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனை உன் அம்மா எடுத்தால் கடைசியில் எனக்குக் கிடைப்பது அரை நிமிஷம், அதில் சாப்பிட்டியாவுக்கும் வைக்கட்டுமாவுக்கும்தான் இடம் இருக்கும். இது அரை நிமிஷத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் மூன்று நாளாக உட்கார்ந்தும் படுத்தும் எழுதுகிறேன், நீ பத்து நிமிஷம் உட்கார்ந்து படித்தால் குறைந்துபோக மாட்டாய்.

போன தடவை நீ கேட்டது மனசிலேயே கிடக்கிறது. “ரெண்டு பேரும் அங்க தனியா என்னப்பா பண்றீங்க, பிள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கிற அந்த வேலைய விட்டுட்டு ஒரேயடியா இங்க வந்துடுங்க, உங்க பேரன வெச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க” என்றாய். உன் அம்மா அன்றைக்கே அலமாரி மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன் நான். “யோசிக்கிறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்ல” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை. பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன்னை எனக்குத் தெரியாதா. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் சொல்ல வேண்டும்.

மூட்டை தூக்கி முதுகு மடங்கிய பிறகு மூன்று வருஷமாக நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம், இரண்டு அறை, பின்னால் சிமெண்டு போட்ட ஒரு முற்றம், பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர். டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும், உன்னைப் போல வாய் இல்லை, பாவம். நான் கேட்டைத் திறக்கிறேன், முழங்கால் உயர நாற்காலிகளைத் துடைத்துப் போடுகிறேன், கைவேலைக்கு அட்டை வெட்டிக் கொடுக்கிறேன், அதனால் பிள்ளைகளுக்கு நான் கத்திரி மாமா. இந்த மாதம் டீச்சர் மழைக்காடு சொல்லிக்கொடுக்கிறாள். வருஷம் முழுக்க மழை கொட்டுகிற காடாம், மரத்துக்கு மேல் மரமாம். ஃபிரிட்ஜ் விற்கிற கடையில் காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து பிரித்து மரம் மரமாக வெட்டி, பெரிய அறையில் ஒரு சுவர் முழுக்க நிறுத்தினேன். அந்தக் காடு ஒரு மாடி வீடு மாதிரி என்று டீச்சர் சொன்னாள், எனக்கு அது சட்டென்று பிடித்துப்போய்விட்டது. கீழ்த் தளத்தில் வெளிச்சமே கிடையாது, எறும்பும் பூச்சியும் குடித்தனம், ஜாகுவார் என்று புள்ளி போட்ட சிறுத்தை வாடகை கேட்க வருகிறவன் மாதிரி மெதுவாக நடந்து வரும். முதல் மாடியில் பாம்பும் தவளையும். அதற்கு மேல் மாடியில்தான் கூட்டம், குரங்குகள், உடம்பைவிட மூக்கு பெரிதாக டூக்கான் என்று ஒரு பறவை, ஒரே சத்தம். மொட்டை மாடியில் கழுகு, யாரோடும் பேசாது, அதுதான் வீட்டு ஓனர்.

இதில் ஸ்லாத் என்று ஒரு பிராணி. நாள் முழுக்கத் தூங்கும், வாரத்துக்கு ஒரு தடவை மரத்தை விட்டு இறங்கும், அதுவும் வெளிக்குப் போவதற்கு. பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியம், இந்த இடத்தை உன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டாதே. பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்து ஆளுக்கொரு மாப்பிள்ளை செய்து கிளையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் கூட்ட வந்து பார்க்கிறேன், பதினெட்டும் தலைகீழாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்தானே, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் ஒட்டிவிட்டார்கள், பெற்றவர்கள் பார்த்தால் சிரிப்பார்களே என்று, ஒவ்வொன்றாகப் பிய்த்து, கிளைமேல் நேராக உட்கார வைத்து, பசை தடவி அழுத்தி, செய்த உபகாரத்தை ஒருத்தரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் வக்கீல் அலறினான். வக்கீல் என்றால் ஐந்து வயசுப் பையன், எதைச் சொன்னாலும் யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பான், அதனால் நான் வைத்த பெயர். “டீச்சர், நம்ம மாப்பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க!” டீச்சர் வந்து பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிராணி பிறந்ததிலிருந்து சாகிறவரை தலைகீழாகத் தொங்குவதுதானாம். நான் என்னத்தைக் கண்டேன்.

சிரித்து முடித்துவிட்டு டீச்சர் ஒரு வேலை கொடுத்தாள். கைவேலையில் பெரிய தொல்லை என்ன தெரியுமா, பசை. ஒட்டினால் காய்வதற்குக் கால் மணி நேரம் ஆகும், பிள்ளைகளுக்கு அதுவரை கை சும்மா இருக்காது, ஒட்டிச்சா ஒட்டிச்சா என்று பிய்த்துப் பிய்த்துப் பார்த்துவிடும். “மாமா, பசை காயிற வரைக்கும் நீங்க ஒரு கதை சொல்லுங்க, கைய மடியில வெச்சுக்கிட்டு கேக்கட்டும்” என்றாள். அன்றிலிருந்து தினமும் கால் மணி நேரம் நான்தான் ராஜா. அன்றன்றைக்கு என்ன பிராணி செய்கிறார்களோ அதைப் பற்றி டீச்சர் இரண்டு வரி சொல்வாள், மீதியை நான் கையிலிருந்து போட்டுக்கொள்வேன். உன் அம்மாவிடம் முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய், பதினெட்டு வாண்டுகளிடம் சும்மா இருக்குமா. கழுகுக்குக் கண்ணாடி போட்டேன், குரங்குக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன, எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது.

மாதக் கடைசியில் பெற்றவர்கள் வந்து பார்க்கும் நாளுக்காக ஆளுக்கொரு பிராணி, சீட்டு எடுத்துப் பிரித்தார்கள். வக்கீலுக்கு ஜாகுவார் வந்தது. குண்டூசிக்குத் தவளை. குண்டூசி என்பது வகுப்பிலேயே சின்ன உருவம், நாலரை வயசு, ஒல்லி, ஆனால் கண்ணு இரண்டும் சுருக்கென்று இருக்கும், அவளுடைய அம்மா நம் தெரு முனையில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள், வீட்டில் ஐந்து மாதத்தில் ஒரு தம்பி. தவளை வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை, ஏனென்றால் காட்டிலேயே அதுதான் பளிச்சென்ற நிறம், ஆரஞ்சு, மேலே கறுப்புப் புள்ளி. முட்டை அட்டையில் இரண்டு குழியை வெட்டிக் கண்ணாக வைத்து முகமூடி செய்தோம், அதைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்கப் பார்த்தாள். அன்றைக்குப் பசை காயும் நேரத்தில் தவளைக் கதை. டீச்சர் எனக்குச் சொன்ன இரண்டு வரி, அதன் தோலில் விஷம் இருக்கும், அந்த நிறமே என்னிடம் வராதே என்று சொல்லும் பலகை. அவ்வளவுதான். நான் என்ன செய்தேன், ஜாகுவார் வந்தது, தவளையைத் தொட்டது, தொப்பென்று விழுந்தது என்றேன். தொப் என்றதும் பதினெட்டும் சிரித்தன. சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியுமா, கழுகு வந்தது தொப், பாம்பு வந்தது தொப், குரங்கு வந்தது தொப், யார் தொட்டாலும் தொப். மறுபடி மறுபடி என்று மூன்று தடவை சொல்ல வைத்தார்கள்.

மறுநாள் முற்றத்தில் அதுவே விளையாட்டு. குண்டூசி துரத்துவாள், மற்றதெல்லாம் அலறிக்கொண்டு ஓடும், யார்மேல் அவள் கை பட்டதோ அது தொப்பென்று விழும். அவளும் சிரித்தாள், நானும் கேட்டருகே நின்று சிரித்தேன். இரண்டு நாள் கழித்து யாரும் விழவில்லை, விலகினார்கள். வரிசையில் கை கோத்து நிற்கச் சொன்னால் அவளுக்கு முன்னால் நின்ற பிள்ளை கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டது. அவள் கீழே வைத்த கிரேயானை வக்கீல் தன் சட்டையில் நான்கு தடவை துடைத்துவிட்டுத்தான் எடுத்தான். நான் இதைப் பார்த்தேன், கண்ணு, பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விளையாட்டு நாலு நாளில் மாறும் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெள்ளிக்கிழமை குழாயடியில் அவள் மட்டும் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தாள். சோப்புப் போடுகிறாள், கழுவுகிறாள், மறுபடி சோப்பு. “போதும் வா, கையே கரைஞ்சு போயிடும்” என்று கேலி செய்தேன். இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டி, “மாமா, விஷம் போயிடுச்சா பாரு” என்றாள்.

போயிடுச்சு போயிடுச்சு என்று ஏதோ சொல்லித் துண்டால் துடைத்து அனுப்பினேன். பாரேன், போயிடுச்சு என்றேனே தவிர, இருந்ததே இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவள் அம்மா கை முழுக்க மாவோடு கேட்டருகே வந்து நின்றாள். “இவ இனிமே வரமாட்டாளாம் டீச்சர், அதுகூடப் பரவால்ல, தம்பியத் தொட மாட்டேங்கிறா. தொட்டா தம்பி செத்துடுவான்னு மூலையில போய் உக்காந்துக்கிறா. முன்னல்லாம் நான் திட்டத் திட்ட அவன இழுத்து மடியில போட்டுக்கிறவ. யாரு டீச்சர் இப்படிச் சொன்னது?” கதை நேரத்தில் அடுத்த அறையில் வேலை பார்க்கிற டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள் என்று நினைத்து வகுப்பைக் கூட்டிக் கேட்டாள். வக்கீல் எழுந்து நின்று, “கத்திரி மாமாதான் சொன்னாரு, தொட்டா தொப்னு விழுந்துடுவாங்கன்னு” என்றான். டீச்சர் அவனைக் கடிந்தாள், “நீ பண்ணிட்டு மாமா மேல பழி போடுறியா, போய் மூலையில நில்லு.” அவன் அழுதுகொண்டே மூலைக்குப் போனான். நான் நாலடி தள்ளி, கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் மூன்றரை அடி உயரம், அவன் மூலையில் நிற்கிறான், நான் தரையைக் கூட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டாள், சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நம்ம பொண்ணு சின்னதா இருக்கறப்ப தீப்பெட்டி தொலைஞ்சதுக்கு அவள அடிச்சீங்க, அப்புறம் அது உங்க சட்டைப் பையிலயே இருந்துது. எடுத்துக் காட்டினீங்களா? கமுக்கமா அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பவாச்சும் எடுத்துக் காட்டுங்க” என்றாள். அந்தத் தீப்பெட்டி உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, என் பையில்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், நீ எடுக்கவில்லை, அப்பாதான்.

மறுநாள் கேட்டைத் திறந்ததும் முதல் வேலையாக டீச்சரிடம் சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை, “நான் அவன மூலையில நிக்க வெச்சேனே மாமா” என்று மட்டும் சொன்னாள். பிறகு அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்து, நான் அட்டை வெட்ட வெட்ட அந்தத் தவளையைப் பற்றி முழுதாகப் படித்துக் காட்டினாள், இந்தத் தடவை இரண்டு வரி இல்லை. கேள் கண்ணு, எனக்கு அப்படியே கத்திரி நின்றுவிட்டது. அந்தத் தவளை கட்டைவிரல் நகம் அளவுதானாம். விஷம் அதோடு பிறப்பதில்லையாம், காட்டில் தின்கிற எறும்பு பூச்சியிலிருந்து வருவதாம், யாரையும் தேடிப்போய்க் கடிக்காதாம். முட்டையிலிருந்து குஞ்சு வந்ததும், அப்பன் தவளை ஒவ்வொரு குஞ்சாகத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு செடிமேல் ஏறுமாம், இலை மடிப்பில் மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருக்கும் பார், அதுதான் குளம், ஒரு குளத்தில் ஒரு குஞ்சை விட்டுவிட்டு அடுத்ததற்கு இறங்கி வருமாம். அதோடு விட்டதா, தினமும் ஒவ்வொரு குளமாகப் போய்ப் பார்க்குமாம், எந்தக் குஞ்சுக்காவது பசி என்று தெரிந்தால் சத்தம் கொடுத்து அம்மாவைக் கூட்டிவருமாம், அம்மா வந்து இரை கொடுக்குமாம். அப்பன் கத்துவது, அம்மா ஊட்டுவது, காட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்றேன், டீச்சருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷம் இருக்கிற அதே முதுகில்தான் குஞ்சு ஏறிப் போகிறது. குஞ்சுக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பாதிக் கதையை விட்டுவிட்டு அந்தப் பாதியைச் சொல்லி ஒரு பிள்ளையைத் தம்பியிடமிருந்து பிரித்துவிட்டேனே.

வகுப்பில் எல்லார் முன்னாலும் வக்கீலைக் கூப்பிட்டேன். “நீ சொன்னதுதான் நிஜம், நான்தான் சொன்னேன், நான் சொன்னது தப்பு, நீ மூலையில நின்னதும் என்னாலதான்” என்றேன். டீச்சரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, “அப்ப நீங்க போய் மூலையில நில்லுங்க” என்றான். நின்றேன். ஐந்து நிமிஷம், சுவரைப் பார்த்து, ஐம்பத்து மூன்று வயசில். நடுவில் வந்து “கழுகாச்சும் விழுந்துச்சா மாமா?” என்று ரகசியமாகக் கேட்டான், அதுவும் இல்லை என்றேன், ரொம்ப வருத்தப்பட்டான். சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் போனேன். குண்டூசி பின்பக்கம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் சட்டைக்குள். அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், அவள் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை, ஆனால் பிசைந்த வேகத்தைப் பார்த்தால் அந்த மாவு நானாக இருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். குண்டூசியிடம் மாமா சொன்னது பொய்க்கதை என்று கையை நீட்டினேன், பிடித்துப் பார் என்றேன். “நீ பெரிய ஆளு, உனக்கு ஒண்ணும் ஆகாது. தம்பி சின்னவன்” என்றாள். பாரு, எவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறது. நாளைக்கு மட்டும் வா, புதுக் கதை இருக்கிறது, உன் தவளை இல்லாமல் சொல்ல முடியாது என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

உன் அம்மா அன்றைக்கே நீலத் துணியில் வட்டம் வட்டமாகப் பதினெட்டுக் குளம் வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் குண்டூசி வந்தாள், கை சட்டைக்குள்தான். காலையில் எல்லாரும் முட்டை அட்டையில் குட்டித் தவளைகள் ஒட்டினார்கள், பசை காய வேண்டும், கை மடியில் இருக்கிறது, நான் கதையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை புத்தகத்தில் இருப்பதை அப்படியே. ஒன்றே ஒன்றை மட்டும் டீச்சரும் நானும் பேசி வைத்துக்கொண்டு விட்டுவிட்டோம், ஒரே குளத்தில் இரண்டு குஞ்சை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம், அதனால்தான் தனித்தனிக் குளம். உன்னையும் உன் தம்பியையும் ஒரே அறையில் வளர்த்தவன், எனக்கு இது புதுசு இல்லை, பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு தெரிந்தால் போதும். கதை முடிந்ததும் தவளை முகமூடியை நான் போட்டுக்கொண்டேன், அது என் மூக்கைத்தான் மறைத்தது, தரையில் மண்டியிட்டேன், முதல் குஞ்சு ஏறு என்றேன். குண்டூசி வந்து ஏறினாள். என் கழுத்தைக் கையால் பிடிக்கவில்லை, முழங்கையால் பிடித்துக்கொண்டாள். அவளைத் தவழ்ந்து தூக்கிப்போய் ஓரத்தில் இருந்த குளத்தில் விட்டேன். அவள் உட்கார்ந்த முதுகு, இனிமேல் யார் ஏறுவார்கள் என்று பார்த்தால், சவாரி என்று வந்துவிட்டால் விஷமாவது ஒன்றாவது, பதினேழும் நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று இப்போது நீ கத்துவது எனக்குக் கேட்கிறது. சும்மா இரு, கதை முடியவில்லை.

பதினெட்டுக் குளத்திலும் குஞ்சுகள் உட்கார்ந்தாயிற்று, நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பசிக்குதா என்று கேட்டு, பசி என்றால் கொர் கொர் என்று கத்தினேன், டீச்சர் அம்மாத் தவளையாக வந்து பிஸ்கட் கொடுத்தாள். வக்கீல் கடைசியில் இருந்தவன், அவனுடைய குளம் சுவரோரம், பக்கத்தில் ஆள் இல்லை. பிஸ்கட் தின்றான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான், எழுந்து நேராகக் குண்டூசியின் குளத்துக்குப் போனான். அவள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்து, “தள்ளி உக்காரு” என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கொஞ்சம் காத்திருந்தான், பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, ஒண்ணுமே ஆகல” என்றான், ஏமாந்துபோன குரலில். குண்டூசி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக ஒரு கை சட்டையிலிருந்து வெளியே வந்தது, வந்த வேகத்தில் அவனைத் திருப்பித் தள்ளியது. “இது என் குளம்டா!” டீச்சர் விலக்கப் போனாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்தச் சண்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், உன் கல்யாணத்தன்று கூட இல்லை, அன்றைக்குப் பந்தியில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

இன்று காலையில் ரொட்டிக் கடைக்காரி கேட்டருகே ஒரு நிமிஷம் நின்றாள். “நேத்து தம்பியத் தூக்கிக்கிட்டு வந்து என் மடியில போட்டா” என்றாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நெற்றி முழுக்க மாவு. “எப்படித் தூக்கிட்டு வந்தா தெரியுமா, தலைகீழா. கேட்டா மாப்பிள்ளைன்னு சொல்றா.” நான் அதற்கும் மன்னிப்புக் கேட்டுவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

என் இடுப்பைப் பற்றிக் கவலைப்படாதே, இரண்டு நாள் தரையில் படுத்தேன், உன் அம்மா தைலம் தேய்த்தாள், தேய்த்தபோது சொன்ன வார்த்தைகள் தைலத்தைவிடக் காரம். இனி நீ கேட்டதற்குப் பதில். படுத்துக்கொண்டே யோசித்தேன், யோசிக்க உள்ளே ஏதோ இருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொல். உன் ஊருக்கு உன்னை அனுப்பியது நான்தான். பெட்டியைச் சுமந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து ஏற்றியதும் இந்த முதுகுதான். அதற்கு அடுத்த வருஷம் உன் தம்பியை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டேன். அவன் கேட்க மாட்டான், உன்னைப் போல வாய் இல்லை, ஆனால் அவன் குளமும் ஒன்று இருக்கிறது. இங்கே பதினெட்டு இருக்கிறது. ஒரே குளத்தில் போய் உட்கார்ந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை, கண்ணு. வேலையை விட மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் இரண்டு பேரும் வருகிறோம், உன்னிடம் ஒரு மாதம், தம்பியிடம் பத்து நாள், பள்ளி திறக்கும்போது திரும்பிவிடுவோம், அடுத்த விடுமுறைக்கு மறுபடி. உன் அம்மாவிடம் சொன்னேன். இறக்கிய பெட்டியை மேலே வைக்கவா என்று கேட்டாள், வேண்டாம், கீழேயே இருக்கட்டும், இனி அடிக்கடி வேண்டும் என்றேன். அதை மறுபடி ஒரு தடவை தூசி தட்டினாள்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒருத்தருக்கு ஒருத்தர் துணையாக, நோய் நொடி அண்டாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், சண்டை போட்டாலும் ஒரே குளத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் ஓடாதே. மறக்காமல் ஒன்று செய். இரண்டு வாரம் முன்னால் எனக்குக் கிடைத்த அரை நிமிஷத்தில் பேரனுக்கு நான் என்ன கதை சொன்னேன் தெரியுமா, இதே தவளைக் கதை, பழையது. போனிலேயே தொப் தொப் என்று விழுந்து சிரித்தான். அங்கே எந்தப் பிள்ளையிடமும் அவன் அதைச் சொல்வதற்கு முன்னால் மாற்றிச் சொல்லிவிடு. வாயால் மட்டும் சொல்லு, நீ முதுகில் தூக்காதே. அதற்கு ஆள் வருகிறது.

இப்படிக்கு,
தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்திருந்த உன் அப்பா.